உலக்கைக் கனத்தில் ஒரு கைப்பிடி

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் ஹாலில் உட்காருவதற்கு முன்பே மாடிப்படிப் பக்கம் போய்விடுகிறார்கள். கைப்பிடியைத் தடவிப் பார்க்கிறார்கள். "தேக்கா? கடைசல் எங்கே கொடுத்தீங்க? காலுக்குக் கால் எவ்வளவு இடைவெளி?" என்று கேள்வி வருகிறது. கடைசல் என்பது மரத்தைச் சுழலவிட்டு உளியால் வடிவம் எடுப்பது, கால் என்பது கைப்பிடியைத் தாங்கி நிற்கும் குட்டித் தூண். வீடு கட்டிக்கொண்டிருக்கும் தோழி ஒருத்தி போன வாரம் டேப்பைக் கையோடு கொண்டுவந்து அளந்துகொண்டு போனாள். அவளுக்குச் சொன்னதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். நான் தேடிய நாளில் தமிழில் இப்படி ஒன்று கிடைத்திருந்தால் இரண்டு மாத அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

வீடு ராமமூர்த்தி நகரில். பெங்களூரில் பலருக்கும் வாய்ப்பது போல முப்பதுக்கு நாற்பது மனை. இந்த அளவில் மாடி வீடு கட்டினால் படிக்கட்டு ஒரு மூலையில் ஒதுங்காது, வீட்டின் நடுவில் வந்து நிற்கும். எங்களுக்குப் பத்தடி உயரத்துக்குப் பதினெட்டுப் படி. ஒன்பது ஏறினால் ஒரு திருப்பம், மறுபடியும் ஒன்பது. மிதிக்கிற இடம் பத்து அங்குலம். கீழே அம்மாவுக்கு அறை ஒதுக்கியாகிவிட்டது. ஆனால் இடம் போதாமல் பூஜை அறை மேலே போய்விட்டது. அம்மா காலையிலும் சாயங்காலமும் விளக்கேற்றாமல் இருக்க மாட்டாள். ஆக, எழுபத்து மூன்று வயதில், வலது முழங்காலில் மாற்று அறுவை செய்துகொண்ட ஒருத்தி, தினமும் இரண்டு முறை ஏறி இறங்க வேண்டிய படி இது. இதை நான் முதலிலேயே யோசிக்கவில்லை.

கண்ணாடியும் ஸ்டீலும் போட்டுவிடலாம், இடம் பெரிதாகத் தெரியும் என்று இன்ஜினியர் சொன்னார். சரி என்றுதான் இருந்தேன். ஒருநாள் கல்யாண் நகரில் உறவினர் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அங்கே அதே மாதிரி. பளபளவென்று கண்ணாடி, மேலே இரண்டங்குலச் சதுரக் குழாய். அம்மா நாலு படி ஏறிவிட்டு நின்றுவிட்டாள். கை குழாயின் மேல் சும்மா இருந்ததே ஒழிய, பிடிக்கவில்லை. விளிம்பு உள்ளங்கையில் வெட்டுகிறது என்றாள். திரும்பி வரும்போது ஆட்டோவில், "ஏட்டி, நம்ம வீட்லயும் இதேதானா?" என்று கேட்டாள். மறுநாளே இன்ஜினியரைக் கூப்பிட்டுக் கண்ணாடி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மரம் என்று முடிவானதும் எல்லோரும் செய்கிற தவற்றைத்தான் நானும் செய்தேன். படங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். கால்களின் வடிவம், தூணின் தலை, சங்குபோலச் சுருண்டு முடியும் கைப்பிடி, எல்லாவற்றையும் சேர்த்து வைத்தேன். காட்டியதும் எங்கள் ஆசாரி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இதெல்லாம் கண்ணுக்கும்மா. கைக்கு என்ன வேணும்னு அம்மாகிட்ட கேட்டீங்களா?" தென்காசிப் பக்கத்துக்காரர், பெங்களூர் வந்து முப்பது வருஷம் ஆகிறது. அதிகம் பேச மாட்டார். அந்த ஒரு கேள்வி எனக்குப் பெரிய பாடமாக அமைந்தது.

கைப்பிடியின் கனத்தைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். நான் போன கடைகளில் ஆயத்தமாக இருந்த மரக் கைப்பிடிகள் எல்லாம் மூன்று, மூன்றரை அங்குல அகலம். மேலே அழகான வளைவு, பக்கத்தில் வரிவரியாக மோல்டிங். அவற்றின் மேல் கையை வைக்கலாம், பிடிக்க முடியாது. கால் சறுக்கும் அந்த ஒரு நொடியில் கட்டைவிரல் ஒரு பக்கமும் மற்ற நான்கு விரல் மறுபக்கமும் போய்ச் சுற்றி வளைத்தால்தான் உடம்பு நிற்கும். அமெரிக்காவின் வீட்டுக் கட்டட விதிகளில் உருண்டைக் கைப்பிடி என்றால் விட்டம் ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறையக்கூடாது, இரண்டு அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்று இருக்கிறது. அதற்குள் எங்கே நிற்பது என்பது பிடிக்கிறவர் கையைப் பொறுத்தது.

அம்மாவிடம் கேட்டால் "எதுனாலும் சரி" என்பாள். அதனால் வீட்டில் இருந்த பொருளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தேன். துடைப்பக் கட்டை மெலிதாக இருக்கிறது என்றாள். குளியலறைக் கம்பி சில்லென்று இருக்கிறதாம். அப்புறம் கல்லிடைக்குறிச்சியிலிருந்து கொண்டுவந்து பரண் மேல் போட்டு வைத்திருந்த உலக்கையை எடுத்துக் கொடுத்தேன். வாங்கியதும் அவள் கை தானாக நடுப்பகுதிக்குப் போய்விட்டது. இரண்டு முனையும் தடித்து, நடுவில் மட்டும் கைபட்டுக் கைபட்டு இழைந்து, கறுத்து, கண்ணாடிபோல் ஆன இடம். ஆச்சி இடித்தது, அம்மா இடித்தது. அந்த இடத்தை விரல்கள் முழுசாகச் சுற்றி வந்தன. கட்டைவிரல் நுனி நடுவிரல் நகத்தின் மேல் வந்து உட்கார்ந்தது. "இந்தக் கனம்" என்றாள், அவ்வளவுதான்.

நூலைச் சுற்றி அளந்தேன். சுற்றளவு ஐந்தரை அங்குலம். விட்டம் ஒன்றேமுக்கால் என்று கணக்கு வந்தது. ஆசாரியிடம் உலக்கையையே கொடுத்துவிட்டேன். அவர் அதை ஒரு வாரம் பட்டறையில் வைத்திருந்து, கைப்பிடியின் குறுக்குவெட்டை அதே கனத்தில் இழைத்தார். முழு உருண்டையாக இல்லாமல், அடியில் மட்டும் கால்கள் பொருந்த ஒரு தட்டையான பட்டை விட்டார். பக்கவாட்டில் விரல் நுனி மடங்கி உட்கார வேண்டிய இடத்தில் லேசாக ஒரு பள்ளம். இன்றைக்கு வருகிறவர்கள் எல்லோரும் தடவிப் பார்ப்பது அந்தப் பள்ளத்தைத்தான்.

இன்னொன்றும் அப்போதே முடிவானது. முழங்கால் அறுவைக்குப் பிறகு பிசியோதெரபி சொல்லிக்கொடுத்தவர், ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில் என்று அம்மாவுக்குப் பழக்கியிருந்தார். ஏறும்போது வலது கைக்கு வருகிற கைப்பிடி இறங்கும்போது இடது கைக்குப் போய்விடும். அதனால் சுவர்ப் பக்கமும் ஒரு கைப்பிடி வேண்டும். இதற்குக் கடைசல் கால் கிடையாது, தூண் கிடையாது. ஆறு பித்தளைத் தாங்கியும் அதே கனத்தில் இழைத்த கட்டையும் போதும். சுவருக்கும் கட்டைக்கும் நடுவே ஒன்றரை அங்குலமாவது இருந்தால்தான் விரல் முட்டி உரசாது. பணம் போதாது, ஒரு பக்கம்தான் போட முடியும் என்கிறவர்கள்கூட, அழகான பக்கத்தைச் சுருக்கிக்கொண்டு சுவர்ப் பக்கத்தைப் போட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

கைப்பிடி முடிவான பிறகுதான் கால்களுக்கு வந்தோம்.

கைப்பிடியைத் தாங்கி வரிசையாக நிற்கும் குட்டித் தூண்களை எங்கள் ஆசாரி கடைசல் கால் என்பார். கடைகளில் பேலஸ்டர். அந்த ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் கிரேக்க மொழியில் காட்டு மாதுளம்பூவின் பெயர். அங்கிருந்து இத்தாலிக்குப் போய், அப்புறம் ஆங்கிலத்துக்கு வந்தது. பாதி மலர்ந்த மாதுளம்பூவை நினைத்துப் பாருங்கள். அடியில் குடம்போல் பருத்து, கழுத்து சிறுத்து, மேலே விரிகிற அதே வடிவம். இதைப் படித்தபோது எனக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை. நம் கோயில் தூணில் கலசம், கும்பம், இதழ் என்று ஸ்தபதிகள் பெயர் வைத்திருப்பதும் குடத்தையும் பூவையும் பார்த்துத்தானே? ஆசாரியும் காகிதத்தில் வரையும்போது "இது குடம், இது கழுத்து, இது வளையம்" என்றுதான் சொல்லிக்கொண்டே போனார்.

கடைசல் என்றாலே எனக்கு அம்பாசமுத்திரம்தான். பள்ளி விடுமுறையில் கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஆற்றைத் தாண்டிப் போனால் மரக்கடைசல் பட்டறைகளில் சொப்புச் சாமான் கடைவதைப் பார்த்துக்கொண்டு நிற்போம். மஞ்சள் கடம்பு மரத்தில் குட்டி அம்மி, உரல், திருகை. சுழல்கிற மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால் சூட்டில் உருகிச் சிவப்பும் பச்சையுமாகப் பூசிக்கொள்ளும். பெங்களூரிலிருந்து மைசூர் ரோட்டில் அறுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கிற சன்னபட்டணத்திலும் அதே வித்தைதான். அங்கே ஆலெ மரம் என்பார்கள், நம்ம ஊர் வெட்பாலை. அரக்குப் பூசிய பிறகு தாழை ஓலையை வைத்து அழுத்தி மெருகேற்றுவார்கள். எங்கள் கால்களைக் கடைந்து கொடுத்த பெரியவர் சன்னபட்டணத்துக்காரர்தான். சின்ன வயதில் பொம்மை கடைந்து கையைப் பழக்கியவர். இப்போது மைசூர் ரோட்டில் டிம்பர் யார்டு லேஅவுட் பக்கம் ஒரு சந்தில் பட்டறை வைத்திருக்கிறார்.

கடைசலைப் பற்றிச் சொல்வதற்கு முன் மரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதில்தான் எனக்கு அடி விழுந்தது.

முதலில் ஒரு டிப்போவில் பர்மா தேக்கு என்று சொல்லி மாதிரிக்கு ஒரு கட்டை கொடுத்தார்கள். நிறம் நன்றாக இருந்தது. ஆசாரி இழைப்புளியால் ஒரு சீவு சீவி, முகர்ந்து பார்த்து, தலையை ஆட்டினார். தேக்குக்கு என்று ஒரு வாசனை உண்டு, தோல் பதனிட்ட பையைத் திறந்த மாதிரி. தடவினால் லேசான பிசுபிசுப்பும் இருக்கும். இதில் இரண்டும் இல்லை. எனக்கு மனசு ஒப்பவில்லை. மல்லேஸ்வரம் பதினெட்டாவது கிராஸில் மரவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, மத்திய அரசுடையது, மரத்தை இன்னதென்று அடையாளம் சொல்லும் சேவை அங்கே உண்டு. துண்டை எடுத்துக்கொண்டு போனேன். தேக்கு இல்லை என்று வந்தது. மேலே சாயம் ஏற்றியிருந்தார்கள். முன்பணம் கொடுக்காததால் தப்பித்தேன்.

அதற்குப் பிறகு இதைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். தேக்கின் குறுக்குவெட்டைக் கூர்மையான பிளேடால் சுத்தமாகச் சீவி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால், ஒவ்வொரு வளர்ச்சி வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் ஒரு வரிசையாக நிற்கும், போகப் போகச் சிறிதாகும். துளைகள் எங்கும் ஒரே அளவாகச் சிதறிக் கிடந்தால் சந்தேகப்பட வேண்டும். அப்புறம், மியான்மர் 2014 ஏப்ரலிலிருந்து உருட்டு மரங்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டது. ஆகவே "பர்மா தேக்கு" என்று யாராவது சொன்னால் எந்த வருஷத்து மரம், அறுத்து வந்ததா, ரசீது இருக்கிறதா என்று கேட்பதில் தப்பே இல்லை. நிலம்பூர்த் தேக்கு, தாண்டேலித் தேக்கு என்று நம் பக்கத்திலேயே நல்ல மரம் இருக்கிறது. நிலம்பூரில் 1840களிலேயே தேக்குத் தோட்டம் போட்டுவிட்டார்கள்.

தேக்குதான் வேண்டும் என்பதும் இல்லை. கர்நாடகத்தில் ஹொன்னெ என்று சொல்லும் வேங்கை கடைசலுக்கு அருமையான மரம், உறுதியும் கூட. ஆனால் ஈரம் பட்டால் சாயம் விடும். வேங்கைக் குவளையில் தண்ணீர் ஊற்றி வைத்தால் நிறம் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைச் சுவர் ஓரமாக அது வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பலா மரத்தின் மஞ்சள் எனக்கு மிகவும் பிடிக்கும், நாளாக நாளாகச் செம்பழுப்பாகும். போதிய நீளத்தில் நேரான ரேகையோடு கிடைக்கவில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய வீட்டுச் சாமான் கடைகளிலும் தேடினேன். செட்டிநாட்டு வீட்டுக் கடைசல் கால்கள் கண்ணைப் பறித்தன. ஆனால் உயரம் குறைவு, ஒரே மாதிரி இருபதுக்கு மேல் இல்லை. ஒட்டுப் போட்டு உயர்த்தலாம் என்றார் கடைக்காரர். வீட்டில் குழந்தைகள் சாயும் இடத்தில் ஒட்டு வேண்டாம் என்று திரும்பிவிட்டேன்.

கடைசியில் கிடைத்தது பழைய உத்திரங்கள். காக்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது வந்தவை. அந்தக் கால மெட்ராஸ் டெரஸ் கூரை, தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புக் காரை போட்டது. பல பத்தாண்டு கூரைக்குக் கீழே காய்ந்த மரம். இனிமேல் புதிதாக வளைய வேண்டியதில்லை. மேலே கறுப்பும் சுண்ணாம்புமாக அழுக்கு மூட்டை போல இருந்தது. அறுத்ததும் உள்ளே தேன் நிறம். கணக்குச் சொல்கிறேன்: ஒரு காலுக்கு இரண்டேகால் அங்குலச் சதுரத்தில் மூன்றடிக் கட்டை வேண்டும். நாற்பத்தெட்டுக் காலுக்கு மொத்தம் சுமார் ஐந்து கன அடி. சேதாரத்துக்கு மேற்கொண்டு கால் பங்கு வாங்கினோம். பழைய மரத்தில் ஒரே பயம் ஆணி. உள்ளே முறிந்து கிடக்கும் ஒரு ஆணி கடைசல் உளியின் வாயைப் பிளந்துவிடும், தெறித்தால் கண்ணுக்கும் ஆபத்து. ஆசாரி காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு ஒவ்வொரு கட்டையின் நான்கு பக்கமும் நகர்த்திப் பார்த்தார். காந்தம் ஆடிய இடத்தில் எல்லாம் சாக்பீஸில் ஒரு பெருக்கல் குறி.

இன்னொரு சோதனையும் செய்தார். கட்டையின் ரேகை மேலிருந்து கீழ்வரை நேராக ஓடுகிறதா என்று பார்த்து, பக்கவாட்டில் விலகி ஓடுகிறதை ஒதுக்கினார். கழுத்து ஓர் அங்குலத்துக்குச் சிறுக்கிற இடத்தில் ரேகை குறுக்கே போனால் ஒரு பையன் உதைத்தாலே அங்கே முறியும் என்றார்.

கால் எத்தனை என்பதில் எனக்கும் அவருக்கும் கொஞ்சம் வாதம் நடந்தது. வழக்கமாகப் படிக்கு ஒன்றுதான் போடுவார்களாம். பத்தங்குல மிதியில் ஒரு கால் என்றால் நடுவே எட்டு அங்குலம் திறந்து கிடக்கும். தங்கை மகனுக்கு அப்போது ஒன்றரை வயது. சின்னக் குழந்தைக்கு உடம்பு நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். நான்கு அங்குல உருண்டை நுழையக்கூடாது என்பதுதான் பல நாடுகளில் விதி. படிக்கு இரண்டு கால் போட்டால் நடுவுக்கு நடு ஐந்து அங்குலம். இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். கால் இரண்டங்குலம், மீதி மூன்றங்குலம் இடைவெளி என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். அது சதுரமாக விட்ட இடத்தில். கழுத்தில் கால் ஓர் அங்குலம்தானே? அங்கே இடைவெளி நான்கு. கழுத்தை இன்னும் மெலிதாக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் அங்கே வழி திறந்துவிடும். அட்டையில் நான்கு அங்குல வட்டம் வெட்டி, வரைபடத்தின் மேல் மேலும் கீழும் நகர்த்திப் பார்த்துத்தான் கழுத்தின் கனத்தை முடிவு செய்தோம். திருப்பமும் மேல்தளமும் போக மீதிப் பதினாறு படிகளில் முப்பத்திரண்டு, மேல்தளத்துத் தடுப்பில் பதினான்கு, கைவசம் இரண்டு. மொத்தம் நாற்பத்தெட்டு.

படிக்கு இரண்டு கால் என்றால் இரண்டும் ஒரே உயரம் இருக்காது. கைப்பிடி சரிந்து ஏறுவதால் பின்னால் நிற்பது முன்னால் நிற்பதைவிட மூன்றேகால் அங்குலத்துக்குச் சற்று அதிக நீளம். அந்த வித்தியாசத்தை எங்கே ஒளிப்பது? குடத்தை நீட்டினால் வரிசை குழம்பிவிடும். கடைந்த பகுதியை எல்லாவற்றிலும் ஒரே அளவாக வைத்து, அடியில் விட்ட சதுரக் கட்டையை மட்டும் கூட்டிக் குறைப்பது ஒரு வழி. அப்படிச் செய்தால் குடங்கள் எல்லாம் கைப்பிடியின் சரிவோடு சேர்ந்து ஒரே கோட்டில் ஏறும். நாங்கள் அதைத்தான் எடுத்துக்கொண்டோம். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் குடம் தூக்கிக்கொண்டு வரிசையாக ஏறிப்போகிற மாதிரி இருக்கிறது.

கடைசல் பட்டறைக்கு மூன்று நாள் போனேன். அவசியம் இல்லை, பார்க்க ஆசை. சதுரக் கட்டையின் நான்கு மூலையையும் முதலில் சீவி எட்டுப்பட்டை ஆக்குகிறார். இரண்டு கூர்முனைகளுக்கு நடுவே மாட்டி மோட்டாரைப் போட்டதும் கட்டை ஒரு நிழலாகிவிடுகிறது. வளைந்த உளியை வைத்ததும் கரகரவென்று மூலைகள் பறக்கின்றன. கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் மாறி, சேலையைக் கிழிக்கிற மாதிரி ஒரே சீராக வருகிறது. சத்தம் மாறியதும் கட்டை உருண்டையாகிவிட்டது என்று அர்த்தம், கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம் என்றார் பெரியவர். அப்புறம் ஒரு பிளைவுட் பட்டை. அதன் விளிம்பில் வரிசையாகச் சின்ன ஆணிகள் அடித்து, தலையைக் கூராக்கி வைத்திருக்கிறார். சுழல்கிற கட்டையில் அதை ஒரு முறை அழுத்தி எடுத்தால் குடம் எங்கே, கழுத்து எங்கே, வளையம் எங்கே என்று எல்லாக் கோடும் ஒரே சமயத்தில் விழுந்துவிடும். கனம் அளக்கும் காலிப்பரை மூன்று இடத்தில் மட்டும் வைத்துப் பார்க்கிறார். மற்றதெல்லாம் கையின் கணக்கு. முடிந்ததும் கீழே கிடக்கிற அதே மரத்தின் சீவலை ஒரு கைப்பிடி அள்ளி, சுழல்கிற காலின் மேல் அழுத்துகிறார். மங்கலாக இருந்த மரம் அப்படியே பளபளவென்று எழுந்து வருகிறது.

தேக்கில் மணல் மாதிரி நுண்ணிய சிலிக்கா இருப்பதால் உளி சீக்கிரம் மழுங்கும். நாலைந்து கால் கடைந்ததும் நிறுத்திச் சாணை பிடிப்பார். அவசரப்படுத்தாதீர்கள். மழுங்கிய உளியில் கடைந்த காலில் நார் கிளம்பியிருக்கும். எண்ணெய் போட்டதும் அந்த இடம் திட்டுத் திட்டாகக் கறுக்கும்.

வளையங்கள் எவ்வளவு ஆழம் என்பதும் முக்கியம். நான் சேர்த்து வைத்திருந்த படங்களில் ஒரு காலில் ஏழெட்டு வளையம், ஒவ்வொன்றும் ஆழமான பள்ளம். பெங்களூர்த் தூசியில் நாற்பத்தெட்டுக் காலின் அத்தனை பள்ளத்தையும் யார் துடைப்பது? மூன்றே வளையம், விரல் நுனி உள்ளே போய்வருகிற அகலம் என்று குறைத்துக்கொண்டோம். பழைய பனியன் துணியைச் சுற்றி மேலிருந்து ஒரு இழுப்பு இழுத்தால் போதும். குறைத்ததில் அழகு கூடியதாகத்தான் நான் நினைக்கிறேன்.

கம்ப்யூட்டர் கடைசலில் நாற்பத்தெட்டும் அச்சு மாதிரி இருக்கும், விரைவாகவும் கிடைக்கும். அதில் குறை ஒன்றும் இல்லை. எங்கள் கால்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு குடம் நூலளவு பருமன், ஒரு வளையம் நூலளவு மேலே. படியில் நிறுத்திய பிறகு அது தெரிவதில்லை. வெயில் சாய்ந்து வரும்போது சுவரில் விழுகிற நிழலில் மட்டும் லேசாகத் தெரியும். எனக்கு அது வேண்டியிருந்தது.

பொருத்துகிற இடத்தில் ஒரு விபத்து நடந்தது. படிகளுக்குச் சாதரஹள்ளிக் கிரானைட் போட்டிருந்தோம். ஒவ்வொரு காலின் அடியிலும் ஒரு ஸ்டீல் முளை, கல்லில் துளை போட்டு எபாக்ஸிப் பசை ஊற்றி நிறுத்துவதுதான் முறை. துளை போட வந்த பையன் விளிம்பிலிருந்து ஓர் அங்குலத்தில் போட்டுவிட்டான். மூன்றாவது படியில் மூலை சிதறிவிட்டது. அந்தக் கல்லையே மாற்ற வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு விளிம்பிலிருந்து மூன்று அங்குலம் உள்ளே தள்ளி, தட்டுகிற டிரில் இல்லாமல் தண்ணீர் விட்டு வைரமுனை பிட்டால் போட்டார்கள். முடிந்தால் கல் பதிக்கும் முன்பே பட்டறையில் துளை போட்டு வாங்கிவிடுங்கள். மரம் நேராகக் கல்லில் உட்காரவும் கூடாது. தரை கழுவுகிற தண்ணீர் அடி வழியாக ஏறும். நாங்கள் ஒவ்வொரு காலுக்கும் கீழே மெல்லிய பித்தளை வில்லை வைத்து ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், தூக்கிவிட்டோம். இங்கே கோட்டைப் பக்கம் 1791-இல் கட்டி முடித்த திப்பு சுல்தானின் கோடைக்கால அரண்மனைக்குப் போனால் பாருங்கள், அத்தனை பெரிய மரத்தூணும் கல் பீடத்தின் மேல்தான் நிற்கிறது.

அடியில் நிற்கும் முதல் தூணில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். கைப்பிடியில் சாய்கிற பாரம் எல்லாம் கடைசியில் அதற்குத்தான் வரும். எங்களுடையது நான்கங்குலச் சதுரம், நடுவே நீளமான போல்ட், கல்லைத் தாண்டிக் கான்கிரீட்டுக்குள் இறங்குகிறது. சங்குச் சுருளை விட்டுவிட்டேன். புடவைத் தலைப்பு மாட்டும் என்று அம்மா சொன்னாள். கைப்பிடியின் முனையைத் தூணுக்குள்ளேயே முடித்துவிட்டோம். உயரம் படியின் விளிம்பிலிருந்து முப்பத்தாறு அங்குலம், மேல்தளத்தில் ஒரு மீட்டர்.

திருப்பத்தில்தான் ஆசாரி அதிக நாள் எடுத்துக்கொண்டார். சாதாரணமாக அங்கே ஒரு தூணை நிறுத்தி, இரண்டு பக்கக் கைப்பிடியையும் அதில் முட்ட வைத்துவிடுவார்கள். கை அந்த இடத்தில் விட்டுப் பிடிக்க வேண்டும். அம்மா மாதிரி ஒருவருக்கு அந்த ஒரு விநாடிதான் ஆபத்து. அதனால் தூணின் தலைக்கு மேலேயே கைப்பிடி வளைந்து ஏறுகிற மாதிரி ஒரு துண்டு. நேர்க் கட்டையை வளைக்கவில்லை. பெரிய கட்டையிலிருந்து அந்த வளைவைச் செதுக்கியே எடுத்தார், உளியும் அரமுமாக ஒன்பது நாள். மொத்தச் செலவில் நாற்பத்தெட்டுக் காலைவிட இந்தக் கைப்பிடிக்கும் வளைவுக்கும்தான் அதிகம் போயிற்று. ஒரு ரூபாய்கூட எனக்கு வருத்தம் இல்லை. அம்மாவின் கை கீழே பிடித்தால் மேலே போய்த்தான் விடுகிறது.

பூச்சுக்குப் பாலியூரித்தேன் வேண்டாம் என்று வைத்தோம். மினுமினுப்பாக இருக்கும், வியர்த்த கைக்கு வழுக்கும், கீறினால் முழுக்கச் சுரண்டித்தான் மறுபடி அடிக்க வேண்டும். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் போடுகிற பிரெஞ்சு பாலிஷ் கால்களுக்குப் போட்டோம். சொப்புச் சாமானில் பூசிய அதே அரக்குதான். ஆனால் சானிடைசர் பட்ட கை அதைக் கரைத்துவிடும் என்பதால் கைப்பிடிக்கு மட்டும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் மூன்று பூச்சு, மேலே மெழுகு. தேக்கின் சொந்த எண்ணெயை முதலில் தின்னர் தொட்டுத் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பூச்சு ஒட்டாது. ஒரு எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயப் போட்டுவிட வேண்டும்.

முதல் மார்ச்சில் வளைவும் நேர்க் கட்டையும் சேரும் இடத்தில் தலைமுடி நுழைகிற அளவுக்கு ஒரு விரிசல் தெரிந்தது. எனக்குத் தூக்கமே இல்லை. ஆசாரியைக் கூப்பிட்டேன். வந்து நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, "கைப்பிடிக்குப் புது மரம்மா. பெங்களூர் வெயில் காலத்துல காத்து காஞ்சு கிடக்குது. மழை வரட்டும், எதையும் வச்சு அடைச்சிடாதீங்க" என்றார். மரம் நீளவாக்கில் அசையாது, அகலவாக்கில்தான் சுருங்கி விரியும். மக்குப் பசை வைத்து அடைத்தால் மழைக்காலத்தில் விரிய இடம் இல்லாமல் வேறு எங்கேயாவது பிளக்கும். ஜூலையில் பார்த்தேன், நகத்துக்குத் தட்டுப்படவில்லை.

அம்மா ஒரே ஒரு மாற்றம் கேட்டாள். கண்புரை எடுத்த பிறகும் சாயங்கால வெளிச்சத்தில் கடைசிப் படி எது, தரை எது என்று குழம்புகிறது என்றாள். ஆசாரி கைப்பிடியின் அடிப்பக்கத்தில், கடைசிப் படிக்கு நேராக, விரல் நுனிக்கு மட்டும் தெரிகிற மாதிரி சின்னதாக ஒரு வெட்டு வெட்டிக் கொடுத்தார். பார்வைக்குத் தெரியாது. அளவெடுக்க வந்த தோழிகூடக் கவனிக்கவில்லை. இறங்கும்போது விரல் அதில் பட்டதும் அம்மா காலை நிதானமாக வைக்கிறாள்.

மீதி இரண்டு காலும், ஆணி அடித்த அந்தப் பிளைவுட் பட்டையும் உலக்கையோடு சேர்ந்து பரண் மேல் துணி சுற்றி இருக்கின்றன. பட்டையின் பின்பக்கம் எல்லா அளவையும் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்.